போனின் இழுப்பைத் தளர்த்துவது எப்படி?

மணி ஒலித்ததும் கை தானாகப் போனுக்குப் போகிறதே, அதை மனவுறுதிக் குறைவு என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவற்றின் டோபமைன் செல்கள், அதாவது பரிசைத் தேடத் தூண்டும் வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள், வேகமாகத் துடித்தன. சாறு வரப்போவதை முன்கூட்டிக் காட்டும் அடையாளம் பழகிய பிறகு, துடிப்பு சாற்றை விட்டு அந்த அடையாளத்துக்கே இடம் மாறிவிட்டது. நமக்கு அந்த அடையாளம் போனின் அதிர்வும் சிவப்புப் புள்ளியும்தான். திறந்தால் எப்போதாவது நல்ல செய்தி, பெரும்பாலும் ஒன்றுமில்லை. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றுகிறது. ஆகவே குறைக்க வேண்டியது அந்த நிச்சயமின்மையை.

முதல் வேலை அறிவிப்புகள். அழைப்பும் நெருங்கியவர்களின் செய்தியும் உடனே வரட்டும். மற்றவை நாளுக்கு மூன்று முறை, குறித்த நேரத்தில் மொத்தமாக வரட்டும். ஐபோனில் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போனால் நேரம் குறித்த சுருக்கம் என்ற வசதி உண்டு. அது இல்லாத போனில் அந்தச் செயலிகளின் அறிவிப்பை அணைத்துவிட்டு, அதே மூன்று நேரங்களில் நீங்களே திறந்து பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஒரே நாளில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று தவணையாகப் பெற்றவர்களின் மனநிலையும் கவனமும் மேம்பட்டன. அறிவிப்பே வராதவர்களுக்கோ பதற்றம் கூடியது. எதையோ தவறவிடுகிறோம் என்ற தவிப்பு அது.

அடுத்து, சிவப்புப் புள்ளி போன்ற அடையாளங்களின் கவர்ச்சி குறைய, திரையைச் சாம்பல் நிறமாக்குங்கள். ஐபோனில் அணுகல்தன்மைப் பகுதியின் வண்ண வடிகட்டிகளில் இது இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் உறக்க நேர முறையோடு சேர்ந்தே வரும். படம் பார்க்க வண்ணம் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முடிந்ததும் திருப்பிவிட வேண்டும்.

சமூக ஊடகத்துக்கு நேர வரம்பு வைப்பதும் பலன் தரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடத்தோடு நிறுத்திய மாணவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. வரம்பு முடிந்ததும் வரும் ‘இன்று மட்டும் விடு’ வகைப் பொத்தான்தான் இதன் ஓட்டை. வரம்பை மாற்றுவதற்கான கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே போகட்டும். எழுப்புவதற்குத் தனிக் கடிகாரம் போதும்.

முதல் சில நாள் கை பரபரக்கும். டோபமைன் தீர்ந்துபோனதாகச் சொல்வார்கள், அது சரியல்ல. பழைய அடையாளங்களுக்கு மூளை இன்னும் காத்திருக்கிறது, அவ்வளவே. அளக்கும்போது மொத்த மணி நேரத்தைவிட, ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். இழுப்பு தளர்வது பெரும்பாலும் அந்த எண்ணில்தான் முதலில் தெரியும். போனைக் குறைத்தும் சோர்வோ தூக்கமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள்.