உங்கள் பொருள், வாங்குபவர் மேசையில்: முதல் ஏஆர் பக்கம் செய்வது எப்படி?

ஒரு மேசை விளக்கை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் அருமையாக வந்திருக்கிறது. உயரம் 45 செ.மீ. என்று கீழே எழுதியும் இருக்கிறது. ஆனாலும் வாங்க நினைப்பவர் தன் மேசைக்கு மேலே கையை நிறுத்தி, "இவ்வளவு உயரம் வருமா?" என்று குத்துமதிப்பாக அளந்து பார்க்கிறார். அந்தக் கை நிற்கிற இடத்தில் விளக்கையே கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி. தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். நான் சுருக்கமாக ஏஆர் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பதிவில் செய்யப்போவது ஒரே ஒரு இணையப் பக்கம். அதில் ஒரு பொருள், ஒரு பொத்தான். தனிச் செயலி எதுவும் இல்லை. 2016இல் 'போக்கிமான் கோ' என்ற ஏஆர் செயலியை உலகமே தரவிறக்கியது, அது விளையாட்டு என்பதால். 2017இல் அறைகலன் நிறுவனமான ஐக்கியா தன் 'பிளேஸ்' ஏஆர் செயலியை வெளியிட்டபோது உள்ளே வைத்துக் காட்ட ஒரு பெரிய கடையே அவர்களிடம் இருந்தது. ஒரு விளக்கைப் பார்ப்பதற்காக யாரும் செயலி ஏற்றமாட்டார்கள்.

படி 1: எந்தக் கேள்விக்குப் பதில்?

ஏஆரில் ஆரம்பநிலைக்காரர் தொடக்கூடியவை மூன்று வகை. தரையிலோ மேசையிலோ பொருளை வைத்துக் காட்டுவது முதல் வகை. "என் இடத்தில் இது பொருந்துமா?" என்பதற்கு அது பதில். அட்டைப்பெட்டி, சுவரொட்டி போன்ற அச்சுப் படத்தை கேமரா அடையாளம் கண்டு அதன்மேல் ஏதாவது அசையச் செய்வது இரண்டாவது. முகத்தில் மூக்குக்கண்ணாடியோ உதட்டுச் சாயமோ போட்டுக் காட்டுவது மூன்றாவது.

வேடிக்கைக்காகச் செய்வதும் உண்டு. 2014இல் பெப்சி மேக்ஸ் லண்டனில் ஒரு பேருந்து நிழற்குடையின் கண்ணாடியைத் திரையாக்கி, தெருவில் புலி நடந்து வருவதுபோலக் காட்டியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பதறியது காணொளியாகப் பரவியது. பெரிய பணமும் பெரிய குழுவும் இருந்தால் செய்யலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் விளக்கையும் பறக்கவிடலாமே என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். முதல் முயற்சிக்கு முதல் வகைதான் சரி.

படி 2: முப்பரிமாண மாதிரி

உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போகும். மாதிரியை மூன்று வழிகளில் பெறலாம்.

பொருளைத் தயாரித்தவரிடம் கணினி வரைபடக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பொருளைச் சுற்றிச் சுற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து மாதிரியை உருவாக்கும் போட்டோகிராமெட்ரி செயலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு நன்றாக மேற்படிய வேண்டும், வெளிச்சம் நிழலில்லாமல் பரவலாக இருக்க வேண்டும். பளபளக்கும் உலோகம், கண்ணாடி, ஒரே நிறத்தில் வழுவழுப்பானவை இந்த முறைக்குச் சரிப்படாது. கேமரா நகரும்போது பிரதிபலிப்பும் நகர்வதால் மென்பொருள் குழம்பிவிடும். அப்படிப்பட்ட பொருளை இலவச மென்பொருளான பிளெண்டரில் கையால் வடிவமைப்பதே மேல். விளக்கு, பெட்டி, குடுவை மாதிரி எளிய வடிவங்களைப் புதியவர்களும் சில நாள் பயிற்சியில் செய்துவிடலாம்.

மாதிரியை ஜிஎல்பி (.glb) என்ற முப்பரிமாணக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: ஜிஎல்பி கோப்பில் ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். நான் முதன்முதலில் செய்தபோது சென்டிமீட்டர் கணக்கில் வரைந்த கோப்பை அப்படியே ஏற்றிவிட்டேன். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றுமே இல்லை. அரைமணி நேரம் பக்கத்தின் நிரலைக் குடைந்த பிறகுதான் புரிந்தது, 45 மீட்டர் உயர விளக்கின் அடிப்பாகத்துக்குள்ளே நான் நின்றுகொண்டிருந்தேன்! 45 செ.மீ. என்றால் கோப்பில் 0.45 என்று இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு. மாதிரியின் மையப்புள்ளி பொருளின் அடியில் நடுவே இருக்கட்டும். இல்லையென்றால் விளக்கு மேசைக்குள் பாதி புதைந்து நிற்கும். கோப்பின் எடையையும் கவனியுங்கள். 5 எம்பிக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். மாதிரியின்மேல் ஒட்டும் மேற்பரப்புப் படங்களை (டெக்ஸ்சர்) 1024 அல்லது 2048 பிக்சல் அளவுக்குக் குறைத்தாலே கோப்பு பெரும்பாலும் மெலிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத உட்பாகங்களை, திருகு, கம்பி உட்பட, அழித்துவிடுங்கள்.

படி 3: பக்கம்

இணையத்தில் ஏஆர் காட்ட எளிய வழி, கூகுள் திறமூலமாக வெளியிட்ட மாடல்-வியூவர் (model-viewer). பக்கத்தில் படம் சேர்க்க ஒரு எச்டிஎம்எல் டேக் எழுதுவோம் இல்லையா, அதேபோல மாடல்-வியூவரின் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் இணைத்துவிட்டு, அதன் டேக்கை எழுதி, ஜிஎல்பி கோப்பின் முகவரியைக் கொடுத்து, 'ஏஆர்' (ar) என்ற பண்பைச் சேர்த்தால் போதும். மாதிரியை விரலால் சுழற்றிப் பார்க்கலாம், ஓரத்தில் ஏஆர் பொத்தானும் வந்துவிடும். ஏஆர் வசதி இல்லாத போனில் பொத்தான் மட்டும் தோன்றாது, சுழற்றிப் பார்ப்பது நடக்கும். யாருமே வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள் என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

பொத்தானை அழுத்தினால், ஏஆர் காட்டும் கருவிகளான ஆண்ட்ராய்டின் சீன் வியூவரும் ஐபோனின் குயிக் லுக்கும் மாதிரியைத் திறக்கும். ஐபோனுக்கு யுஎஸ்டிஇசட் என்ற வேறொரு வடிவம் வேண்டும். நீங்கள் தராவிட்டால் மாடல்-வியூவரே அந்த இடத்தில் உருவாக்கிக்கொள்ளும். நிறமும் பளபளப்பும் சரியாக வருகிறதா என்று ஒரு ஐபோனில் பார்த்துவிடுங்கள்.

ஏஆர்-ஸ்கேல் (ar-scale) என்ற பண்பை 'ஃபிக்ஸ்டு' (fixed) என்று வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் வாடிக்கையாளர் இரண்டு விரலால் விளக்கை இழுத்துப் பெரிதாக்கிவிடுவார். அப்புறம் அளவைக் காட்டத்தான் இதெல்லாம் என்பதற்கு அர்த்தமே இல்லை. சுவரில் மாட்டும் பொருளென்றால் ஏஆர்-பிளேஸ்மென்ட் (ar-placement) பண்பை 'வால்' (wall) என்று மாற்றுங்கள். பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும்.

படி 4: சொல்லித்தர வேண்டிய ஒரு வரி

போன் ஒரு பரப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேமராவில் தெரியும் புள்ளிகள், மூலைகள், மரக்கோடுகள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு, போன் நகர நகர அவை எப்படி இடம் மாறுகின்றன என்று கணக்கிடுகிறது. உள்ளே இருக்கும் அசைவு உணரிகளும் துணைக்கு வருகின்றன. அதனால் வெறும் வெள்ளை மேசையும் கண்ணாடி மேசையும் இருட்டறையும் அதற்குத் தலைவலி. பொத்தானுக்குப் பக்கத்தில் "நல்ல வெளிச்சத்தில், போனை மேசைப் பக்கம் திருப்பி மெதுவாக நகர்த்துங்கள்" என்று எழுதுங்கள். வெள்ளை மேசையென்றால் ஒரு செய்தித்தாளை விரிக்கச் சொல்லலாம். பொத்தானிலும் 'ஏஆர் அனுபவம்' என்று போடாமல் 'உங்கள் மேசையில் வைத்துப் பாருங்கள்' என்று போடுங்கள்.

படி 5: சோதனையும் கணக்கும்

பழைய போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, இரவு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு விஷயம் தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் திருத்த வேண்டும். சமூக ஊடகச் செயலிகளுக்குள்ளேயே திறக்கும் பிரவுசரிலும் சோதியுங்கள். அங்கே ஏஆர் பொத்தான் சில நேரம் வேலை செய்யாது.

சீன் வியூவரோ குயிக் லுக்கோ திறந்துவிட்டால், அதற்குள் வாடிக்கையாளர் என்ன செய்தார் என்பதை உங்கள் பக்கத்தால் முழுதாகப் பார்க்க முடியாது. எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், "நினைத்த அளவில் இல்லை" என்று திருப்பி அனுப்புவது குறைந்ததா, இந்த மூன்றையும் குறித்துவந்தால் போதும்.

படி 6: அச்சுக்குப் போகும் முன்

வாடிக்கையாளரைப் பக்கத்துக்குக் கொண்டுவரப் பெட்டியிலோ விளம்பரத்திலோ கியூஆர் குறியீடு அச்சிடுவீர்கள். அதைச் சுற்றி, குறியீட்டிலுள்ள சிறு கட்டங்களில் நான்கின் அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் குறியீடு சுமார் 10 செ.மீ. அகலம் இருப்பது நல்லது. போனிலேயே விளம்பரத்தைப் பார்ப்பவரால் அதே போனால் ஸ்கேன் செய்ய முடியாது. அவருக்குச் சாதாரண இணைப்பு கொடுங்கள்.

குறியீட்டில் உங்கள் சொந்தத் தளத்தின் முகவரியே இருக்கட்டும். பிறர் தளத்தின் முகவரியை நேராக அச்சடிக்காதீர்கள். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா, ஏஆர் ஃபில்டர்கள் செய்வதற்கான தன் ஸ்பார்க் தளத்தை 2025 ஜனவரி 14 அன்று மூடியபோது, பிராண்டுகளும் மற்றவர்களும் இன்ஸ்டாகிராமுக்காக அதில் செய்து வைத்திருந்த ஃபில்டர்கள் எல்லாம் மறைந்துபோயின. சொந்த முகவரி என்றால் நாளைக்கு வேறு தொழில்நுட்பத்துக்கு மாறினாலும், பெட்டிமேல் இருக்கும் குறியீட்டை மாற்றாமல் அது போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றலாம்.

கடைசியாக, பளபளப்புத் தாளில் அச்சிடுவதாக இருந்தால் ஒரே ஒரு பிரதியை முதலில் எடுத்து, விளக்கடியில் பிடித்து ஸ்கேன் செய்து பாருங்கள். ஒளி பட்டு மின்னினால் குறியீடு ஸ்கேன் ஆகாது. மங்கலான தாளுக்கு மாறிக்கொள்ளுங்கள்.