பதுங்குவது வேறு, திகைக்க வைப்பது வேறு: டி அண்ட் டி சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுவோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிற டஞ்சன் மாஸ்டர். கதை நடக்கும் உலகம் கற்பனைதான். ஆனாலும் மலை என்று வந்துவிட்டால் எனக்குக் கீழக்குயில்குடிப் பக்கத்துச் சமணர் மலைதான் கண்ணில் நிற்கும். அந்த மொட்டைப் பாறை, அடிவாரத்துத் தாமரைக் குளம், அதோடு நானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு பனங்காடு.

அப்படி ஒரு அடிவாரத்து மண்டபத்தில் ஏழு கொள்ளையர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு காவலாள். பதுங்கித் தாக்கும் ரோக் பாத்திரத்தை ஆடும் என் சித்தி பையன், "அண்ணே, பனைக்குப் பின்னாடி பதுங்கி அம்பு விடறேன். சர்ப்ரைஸ்தானே? எங்களுக்கு ஒரு ரவுண்டு ஃப்ரீ" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்த கொள்ளைத் தலைவன் வாயைத் திறக்காமலே செத்தான்.

ஃப்ரீ ரவுண்டு என்பதே முதல் தவறு. எதிராளி திகைத்து நிற்க நாம் மட்டும் தாக்கும் சர்ப்ரைஸ் ரவுண்டு, இந்த ஆட்டத்தின் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் இருந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கிடையாது. அம்பு நாணில் இருக்கும்போதே எல்லோரும் இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்பதற்கான பகடை, பெரிய எண் முந்தும்) உருட்ட வேண்டும், திகைத்து நிற்பவர்களும் சேர்த்து. திகைத்தவன் தன் முதல் முறையில் நகர முடியாது, ஆக்‌ஷன் எடுக்க முடியாது. அந்த முறை முடியும்வரை, அடுத்தவர் முறையில் பதிலுக்குச் செய்யும் ரியாக்‌ஷனும் இல்லை. அவ்வளவுதான். வில்லாளிக்கு 9, காவலாளுக்கு 17 என்று விழுந்தால், அம்பு பறப்பதற்குள் காவலாளின் திகைப்பு தீர்ந்துவிடும்.

2024-இல் வந்த புதிய விதிப் புத்தகத்தில் இது இன்னும் லேசாகிவிட்டது. திகைத்தவர் இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது) உருட்டுகிறார், முறை எதையும் இழப்பதில்லை. ஒருவர் கையில் பழைய புத்தகம், இன்னொருவர் போனில் புதியது என்று உட்கார்ந்தால் சண்டை மேஜைக்கு மேலேதான் நடக்கும். எந்த விதி என்று முதல் நாளே பேசிவிடுங்கள். இனி நான் சொல்வது 2014 கணக்கு.

அடுத்தது, கூட்டம் முழுவதற்கும் ரோக் ஒருவனே ஸ்டெல்த் (பதுங்கும் திறனுக்கான பகடை) உருட்டுவது. எங்கள் பாலடின் (புனித வீரர்) செயின் மெயில் என்கிற இரும்பு வளையச் சட்டை போட்டவர். அதைப் போட்டாலே ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ். காய்ந்த பனையோலை மேல் அவர் நடந்தால் மலை உச்சிக்கே கேட்கும். பதுங்குகிற ஒவ்வொருவரின் உருட்டலையும் எதிராளி ஒவ்வொருவரின் பாஸிவ் பெர்செப்ஷனோடு (பகடை உருட்டாமலே இருக்கும் கவனிப்பு எண்) ஒப்பிட வேண்டும். ஆபத்து எதையுமே கவனிக்காதவன்தான் திகைக்கிறான். காவலாள் பாலடினை மட்டும் பார்த்துவிட்டாலும் போதும், ரோக் எங்கே இருக்கிறான் என்று தெரியாவிட்டாலும் அவனுக்குத் திகைப்பு இல்லை. உள்ளே சீட்டாடுகிறவர்கள் கவனிக்கவில்லை என்றால் அவர்கள் திகைக்கலாம். ஒரே கூட்டத்தில் பாதிப் பேர் திகைத்து, பாதிப் பேர் விழித்திருப்பது தப்பே இல்லை.

பாதிப் பேர் தேறினால் எல்லோரும் தேறினார்கள் என்கிற கூட்டு உருட்டலை, காவலைத் தாண்டி நழுவிப் போகும்போது மட்டும்தான் நான் அனுமதிப்பேன். பதுங்கித் தாக்கும்போது அதைக் கொடுத்தால் இரும்புச் சட்டைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். பாலடினைத் தூரத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஸ்டெல்த்துக்கு 10 கூட்டித் தரும் 'பாஸ் வித்தவுட் டிரேஸ்' மந்திரத்தைச் செலவழியுங்கள்.

வெளிச்சத்தை மறப்பதுதான் நான் அதிகம் செய்த தவறு. புத்தகத்துக் காவலாளுக்கு பாஸிவ் பெர்செப்ஷன் 12, கொள்ளையனுக்கு 10. மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதற்கு டிஸ்அட்வான்டேஜ் என்பதால் இரண்டிலும் 5 கழியும். டார்க்விஷன் என்கிற இருட்டுப் பார்வை இருப்பவனுக்கு இருட்டு பகலாகிவிடாது, மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும். அதனால் அவனுக்கும் அதே 5 கழிவு. கரண்ட் போன ஒரு ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் பகடையையே தேடியபோதுதான் இது எனக்கு உறைத்தது.

அதற்காக மங்கல் வெளிச்சம் மட்டுமே மறைவு ஆகிவிடாது. உங்களைத் தெளிவாகப் பார்க்கிறவனிடம் பதுங்க முடியாது. பனைமரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், ஒரு ஆளின் அகலம்கூட இல்லை. விதிப்படியும் மெலிந்த மரத்துக்குப் பாதி மறைப்புதான், பருத்த மரத்துக்கே முக்கால். 2024 விதியில் ஒளிய வேண்டுமானால் முக்கால் மறைப்பாவது வேண்டும், இல்லையென்றால் கண்ணே தெரியாத இருட்டு மாதிரி மறைவு. வெறும் பனைக்குப் பின்னால் நின்றவனை நான் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

ரோக்கின் கூடுதல் அடிக்கு ஸ்னீக் அட்டாக் என்று பெயர், அந்தப் பெயரே பலரைக் குழப்புகிறது. அதற்கு ஒளிந்திருக்கத் தேவையில்லை. எதிராளிக்கு 5 அடிக்குள் உங்கள் ஆள் ஒருவர் நின்றாலே கிடைக்கும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாதவரை. அதேபோல் மாயமாகிவிட்டவன் ஒளிந்துவிட்டவன் ஆகமாட்டான். காலடி கேட்கும், புழுதியில் தடம் விழும்.

டிஎம்களுக்குத் தனியாக ஒன்று. ஆட்டக்காரர்களை மடக்க நினைக்கும்போது "எல்லாரும் பெர்செப்ஷன் உருட்டுங்கப்பா" என்று சொன்னால், சும்மா இருந்தவனும் வாளை உருவிக்கொள்வான். அவர்களுடைய பாஸிவ் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு நீங்களே ஒப்பிடுங்கள். அலர்ட் ஃபீட் (உஷார் என்கிற சிறப்புத் திறன்) எடுத்த ஆட்டக்காரர் பனங்காட்டு நரி, விழித்திருக்கும்வரை அவரைத் திகைக்க வைக்க முடியாது. அந்த ஃபீட்டுக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார், மழுப்பாதீர்கள்.

அதே மண்டபத்தை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சரியான விதிப்படி மறுபடி ஆடினோம். பனையின் அடியில் ஒரு புதர் வைத்துக் கொடுத்தேன். காவலாள் எதையும் கவனிக்கவில்லை, ஆனால் இனிஷியேட்டிவில் முந்திக்கொண்டான். அவன் முறை சும்மா கழிந்தது, திகைப்பும் போனது. சித்தி பையன் அசாசின் வகை ரோக். திகைத்தவன் மேல் பட்டால் கிரிட்டிக்கல் (அடிக்கான பகடை இரட்டிப்பாவது) என்கிற அவனுடைய வரமும் அதோடு போனது. ஒளிந்திருந்ததற்கான அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் பெரிய எண்ணை எடுப்பது) மட்டும் மிச்சம், அதனால் ஸ்னீக் அட்டாக் உண்டு.

"அம்பு இன்னும் நாண்லதானே அண்ணே இருக்கு, அவன் எப்படி உஷாரானான்?"

"ஓலை சரசரத்துச்சுடா."

கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கம் ஆலமரம் எதுவும் இருக்கா?" என்றான்.