நெடுந்தீவுக் கல்வேலி: சீமெந்தைத் தூர வையுங்கள்

போன கிழமை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தம்பி தன் பாட்டன் விட்டுப்போன வளவின் கல்வேலியைத் திருத்த ஆயத்தமாக நின்றார். ஆறடி நீளத்துக்கு வேலி விழுந்திருந்தது. படலையடியில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏற்றி வந்த மூன்று பை சீமெந்து. பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இருபது வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். வேலி திருத்துபவர்கள் விடும் பிழைகளை ஒவ்வொன்றாகக் கீழே சொல்கிறேன்.

இடைவெளியைச் சீமெந்தால் அடைப்பது

எங்கள் வேலி முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, வெறுமனே அடுக்கியது. சாந்து கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள ஓட்டைதான் வேலியின் உயிர். கடற்காற்று அதற்குள்ளால் போய்விடும். மாரித் தண்ணீர் தங்காமல் வடியும். நிலம் கொஞ்சம் இறங்கினால் கற்களும் கூடவே இறங்கி, திரும்ப ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

கடற்பக்க வேலியில் இரண்டு கல் உதிர்ந்ததற்காக நான் முப்பது அடிக்குப் பூசினேன். வடிவாகத்தான் இருந்தது. இரண்டாவது மாரியில் அடி இறங்கி வெடிப்பு ஓடியது. மூன்றாவது மாரியில் ஒரு இரவு, படகுப் பாய் மாதிரிக் காற்றை வாங்கி முப்பது அடியும் ஒன்றாகச் சரிந்தது. சும்மா அடுக்கிய வேலி விழுந்தால் கல்லைப் பொறுக்கித் திரும்ப அடுக்கலாம். இதில் சீமெந்தைத் தட்டத் தட்ட முருகைக்கல்தான் தூளானது. கல்லைவிடச் சீமெந்து இறுக்கம். சரி, புதுக்கல் எடுப்போம் என்றால், கடலோரத்தில் முருகைக்கல் தோண்டுவது 1988இல் வந்த சட்டத் திருத்தத்தோடு தடை. இன்றைக்கும் அந்த முப்பது அடிக்குப் பனைமட்டை வேலிதான் நிற்கிறது.

நெடுந்தீவுக் கோட்டையே சாந்தில்தானே கட்டியது என்று மேசன்மார் சொல்வார்கள். அது சுண்ணாம்புச் சாந்து, பருமனான சுவர். அதை வேலிக்கு உதாரணம் காட்டிக் கூலி வாங்குவதைக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

மூட்டுக்கு மேல் மூட்டு

ஒரு கல் கீழே இரண்டு கல்லில் உட்கார வேண்டும். மூட்டுகள் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வந்தால் அந்த இடத்தில் வேலி பிளக்கும். அப்பு ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பார்ப்பார். துளி அசைந்தாலும் எடுத்துத் திருப்பி வைப்பார்.

மேலே மட்டும் திருத்துவது

அசையாத கல் வரும்வரை இறக்குங்கள். பெரியது, சிறியது, மேல்வரிக் கல் என்று தனித்தனியாகக் குவியுங்கள். சல்லிக்கல்லை எறியாதீர்கள், பெரிய கல் ஆடாமல் இடுக்கில் ஆப்பு வைக்க அதுதான் வேண்டும்.

செடியைப் பிடுங்குவது

வேரோடு இழுத்தால் கல்லும் வரும். வெட்டி விடுங்கள்.

வேலிக் கல்லை வேறு வேலைக்கு எடுப்பது

வேண்டாம்.

அந்தத் தம்பியின் சீமெந்து கிணற்றடித் தொட்டிக்குப் போனது. விழுந்த ஆறடியை நாங்கள் இருவரும் மத்தியானத்துக்குள் அடுக்கி முடித்தோம்.