போயிட்டு வர்றேன் என்றவர் ஏன் வரவில்லை? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் சித்தி, "போயிட்டு வர்றேன்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறினார். இவன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இருட்டியதும் ஓவென்று அழுதான். அடம் என்று நினைத்து ஓர் அடியும் வைத்துவிட்டேன். மறுநாள் காலையிலும் கேட்டருகே போய் நின்று, "சின்னப் பாட்டி வர்றேன்னு சொன்னாங்க" என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. "போயிட்டு வர்றேன்" என்பது இன்றைக்கே திரும்பி வரும் பேச்சு இல்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. அதற்கு அவனை அடித்தேன்.

ஆட்டிசம் என்பது பேசுவது, பழகுவது, சத்தத்தை உணர்வது போன்றவற்றில் மூளை பிறவியிலேயே வேறு விதமாக இயங்குவது. அரசுப் படிவங்களில் அதற்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் வருத்தம் உண்டு. நாம் செய்யும் முதல் தவறு அதிலேயே இருக்கிறது: இவர்களுக்கு அடுத்தவர் மேல் ஒட்டுதலே இல்லை என்று நினைப்பது. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அடுத்தவர் வலியைப் பார்த்து மனசு கலங்குவது வேறு. முதலாவது கடினமாக இருக்கும் பல பிள்ளைகளுக்கு இரண்டாவது அளவுக்கு மீறியே இருக்கிறது. என் அப்பா இறந்த அன்று நான் அழுததைப் பார்த்து இவன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். "பாரு, பிள்ளைக்கு ஒட்டுதலே இல்ல" என்றார் ஒருவர். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரையும் தொடவிடாத தன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த தவறு, ஒரு சோதனையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய மூவர் லண்டனில் செய்த ஆய்வு இது. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் போடுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? கூடையில் என்பதுதான் சரியான பதில், ஏனென்றால் மாற்றி வைத்தது சாலிக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறவியிலேயே அறிவுத்திறன் குறைவோடு வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். அதனால் இது அறிவுத்திறன் குறைவால் மட்டும் வருவதில்லை, அடுத்தவர் மனசை ஊகிப்பதில்தான் சிக்கல் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

முக்கியமான ஆய்வுதான். ஆனால் சரியாகச் சொன்ன அந்த 4 பேரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியைத் தாமதமாகக் கற்ற காது கேளாத பிள்ளைகளும் இதே மாதிரிச் சோதனைகளில் பின்தங்குகிறார்கள். வீட்டிலேயே பிறந்ததிலிருந்து சைகை மொழி பேசி வளர்ந்தவர்கள் அப்படிப் பின்தங்குவதில்லை. அப்படியானால் யாரோடு, எவ்வளவு பேசிப் பழகினோம் என்பதும் இதில் சேர்கிறது. உங்கள் பிள்ளை ஒரு சோதனையில் தவறிவிட்டால், "இவனுக்கு இது வராது" என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய தவறு: புரியாமை அவன் பக்கம் மட்டும் என்று நினைப்பது. தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-இல் இதைக் கேள்வி கேட்டார். அவர்களுக்கு நம் மனசு எட்டுவதில்லை என்கிறோமே, அவர்கள் மனசு நமக்கு எட்டுகிறதா? இதை அவர் இருபக்கச் சிக்கல் என்றார். எடின்பரோவில் ஒரு குழு, எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லச் செய்து பார்த்தது. 2020-இல் வந்த முடிவில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்கள் வரிசைக்குச் சமமாகக் கதையைக் கொண்டுசேர்த்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதறியது. பிறகு 300 பேருக்கு மேல் வைத்துச் செய்த பெரிய ஆய்வில் கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் சளைக்காமல் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

கேட்டில் நின்ற என் மகனுக்குச் சித்தியின் மனசு புரியவில்லை, சரி. அவன் மனசு எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் மருத்துவரிடம் காட்டியது அவனை மட்டும்.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பலருக்குக் கண்ணைப் பார்ப்பதே பெரும் வேலையாகிவிடும், அப்புறம் காதில் எதுவும் ஏறாது. சத்தமும் அப்படித்தான். பாடலீஸ்வரர் கோயில் தேர் அன்று, மேளமும் கூட்டமுமாக இருக்கும் சன்னதித் தெருவில் நின்றுகொண்டு, "மாமாவுக்கு வணக்கம் சொல்லு, அவங்க தப்பா நினைச்சுப்பாங்க" என்றால் எப்படி முடியும்? பல்வலியில் துடிக்கிறவரிடம் விடுகதை போடுவது போலத்தான் அது. ஓரமாகக் கூட்டிப் போங்கள், அடங்கட்டும், பிறகு பேசலாம்.

ஜாடையாகப் பேசுவதையும் குறைக்க வேண்டும். "மழை வர்ற மாதிரி இருக்கே" என்றால் மாடியில் காயும் துணியை எடு என்று அவனுக்குக் கேட்காது, மழையைப் பற்றித்தான் கேட்கும். "துணியை எடுத்துட்டு வா" என்றே சொல்லுங்கள். "கொஞ்சம் இரு" என்பதற்குப் பதில், "சின்ன முள் ஆறுக்கு வந்ததும் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இப்போது சித்தி கிளம்பும்போது, "இனிமே பொங்கலுக்குத்தான் வருவேன்" என்கிறார். அவன் காலண்டரில் வட்டம் போட்டுவைக்கிறான்.

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம். பேசாத பிள்ளைக்கு எதுவும் விளங்காது என்று நினைத்துப் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் பேசிவிடுகிறோம். சில்வர் பீச்சில் ஒருமுறை தெரிந்த அம்மா ஒருவர், அவன் தலைக்கு மேலாக என்னிடம், "இவனுக்கு ஏதாச்சும் புரியுமா?" என்று கேட்டார். "அவனையே கேளுங்களேன்" என்றேன். குனிந்து கேட்டார். அவன் அலையைப் பார்த்தபடியே நின்றான். பதில் வர வெகுநேரம் ஆயிற்று, அவர் பாவம், பொறுமையாகக் காத்திருந்தார். "புரியும்" என்றான்.