ஓடும்போது மூச்சு வாங்குகிறதா? ரத்த அறிக்கையை இப்படிப் படியுங்கள்

ஓ குரூப்காரர்களுக்குத்தான் மூச்சு தாங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி யாரும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு (தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டம்) பெயர் கொடுக்கவும் வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம். ஏ, பி, ஓ எல்லாம் சிவப்பணுவின் மேற்பரப்பு அடையாளங்கள். ஆக்சிஜனைச் சுமப்பது அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். ரத்தத்தில் பரம்பரையாக வருவதில் மூச்சைத் தொடுவதும் அதுதான்.

1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். 15 கிராம் இருந்தால் 100 மி.லி. ரத்தத்தில் 20 மி.லி.; 12 கிராம் என்றால் 16. சமதரையில் அந்தக் குறை தெரியாது. டர்பனை விட்டு மேட்டில் ஏறத் தொடங்கியதும் இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டும், மூச்சும் முட்டும். ஆக்சிமீட்டர் அப்போதும் 98 என்றே காட்டலாம். இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும்; மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது.

முதலில் ஃபுல் பிளட் கவுண்ட் (ரத்த அணுக்களின் முழுக் கணக்கு), கூடவே உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 80-க்குக் கீழே இருந்தால் அதைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்.சி.வி. 66, எண்ணிக்கை 5.8 என்றால் விடை 11.4. 13-க்குக் கீழே வந்தால் தாலசீமியா (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் பரம்பரைக் குறை) கேரியராக, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவராக, இருக்க வாய்ப்பு அதிகம். 72-ஐ 4.2-ஆல் வகுத்தால் 17. அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இந்தக் கணக்கு ஒரு துப்பு மட்டுமே. உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் வேண்டும்: அதில் ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தாலசீமியா கேரியர். ஃபெரிட்டின் குறைவாக இருக்கும்போது ஏ2 பொய்யாக இறங்கிக் காட்டக்கூடும். இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். ஃபெரிட்டின் சரியாக இருக்கிறவர் 'ரத்தம் கம்மி' என்று மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது வீண்; உடம்பில் இரும்பு சேர்வதுதான் மிச்சம்.

அதே பரிசோதனையில், சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடிய ஹீமோகுளோபின் எஸ் தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை. அரிவாள் அணு ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் உரியது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது. அரிவாள் அணுக் கேரியருக்கு அன்றாடம் பொதுவாகத் தொந்தரவு இராது, ஓடவும் தடையில்லை. ஓட்டத்தில் ஆபத்து, ஓய்வில்லாமல் முழு வேகத்தில் அடுத்தடுத்து ஓடும்போதுதான். வேகத்தை 2, 3 வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள், சுற்றுகளுக்கு நடுவே மூச்சு இறங்கும்வரை நில்லுங்கள், காய்ச்சலோடு ஓடாதீர்கள். இங்கே கோடைக்காலமான தை, மாசி வெயிலில் விரதமிருந்து காவடி எடுக்கிறவர்களும் தண்ணீர் விஷயத்தில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரிந்து விழுவதிலும் வித்தியாசம் உண்டு. சாதாரணத் தசைப்பிடிப்பில் தசை கல்லாக இறுகும், ஆள் வலியில் கத்துவார். அரிவாள் அணுவால் விழுகிறவருக்குத் தொடை தொட்டால் மென்மையாக இருக்கும், கால் துவண்டுபோகும், பேச்சு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். 'எழுந்து நட' என்று விரட்டாதீர்கள். நிழலில் கிடத்திக் குளிர்வித்து, ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்போனில் 112-ஐ அழையுங்கள். அவர் அரிவாள் அணுக் கேரியர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உயரமான இடங்களிலும் கவனம் வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். முதல் சில நாட்கள் வேகத்தைக் குறைத்தால் போதும். லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அங்கே அரிவாள் அணுக் கேரியருக்கு இடது விலாவுக்குக் கீழே வலி வந்தால் அது வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மண்ணீரலில் ரத்தம் அடைத்திருக்கலாம். உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள்.