தைராய்டு கண்ணில் நரம்பு நசுங்கும்போது: பேட்டர்ன் ஈஆர்ஜி எடுக்கும் முறை

தைராய்டு நோயோடு சேர்ந்து கண் தசைகள் வீங்குவதுதான் தைராய்டு கண். இதில் கண் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்பதை வைத்து நரம்பின் நிலையை முடிவு செய்யாதீர்கள். வீங்கிய கண் தசைகள் பார்வை நரம்பை நெருக்குவது கண்குழியின் பின்முனையில். முன்பக்கம் பிதுங்க வழியில்லாமல் இறுகிப்போன கண்ணில்தான் நெருக்கல் மோசமாக இருக்கும். நரம்பின் தலைப்பகுதி பார்க்க இயல்பாகவே இருக்கலாம், இரண்டு கண்ணும் ஒரே அளவு பாதித்திருந்தால் டார்ச் அடித்துப் பார்க்கும் பாவைச் சோதனையும் ஏமாற்றிவிடும்.

நிறச் சோதனை, பாவைச் சோதனை, பார்வைப் புலம் எல்லாம் முடிந்ததும் பேட்டர்ன் ஈஆர்ஜிக்கு வாருங்கள், அதாவது திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறும்போது விழித்திரை தரும் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனைக்கு. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இப்போது வேண்டாம். திரை இருக்கும் தூரத்துக்குச் சரியான கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் கட்டங்கள் மங்கினாலே அலை சுருங்கிவிடும்.

இந்த நோயாளிகளிடம் பாதித் தொல்லை கண்ணின் மேற்பரப்பில்தான். இமை மேலேறியிருப்பதால் கண் காய்ந்து, அப்புறம் நீர் கொட்டும். செயற்கைக் கண்ணீர் விட்டு, சில நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் கண் சிமிட்டச் சொல்லுங்கள். கருவிழி காய்ந்த கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் எலக்ட்ரோடு வைக்க நான் துணிய மாட்டேன். கீழ் இமையோரம் வைக்கும் மெல்லிய மின்கடத்தும் நூலான டிடிஎல் நூல் போதும். கீழ் இமை இறங்கியிருந்தால் நூல் உள்ளே நழுவும், அலையும் சிறுத்துவிடும், ஆகவே பதிவுக்கு நடுவிலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கீழ்த்தசை இறுகியவர்களுக்கு மேலே பார்ப்பது பெரும் சிரமம், திரையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் நெற்றியைச் சுருக்காமல் உட்காருவார்கள். வழக்கமாக இரு கண்ணும் திறந்தபடி எடுப்போம். இரட்டைப் பார்வை இருந்தால் ஒவ்வொரு கண்ணாக எடுங்கள், மூடும் பட்டை கண்ணை அழுத்தக் கூடாது.

அலை சில மைக்ரோவோல்ட்தான், நூறுக்கும் மேற்பட்ட கட்ட மாற்றங்களைச் சராசரி எடுத்தால்தான் தெரியும். இரண்டு முறை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா பாருங்கள்.

படிக்கும்போது முதலில் பி50, அதாவது சுமார் 50 மில்லிவினாடியில் மேலெழும் அலை; அதையடுத்துச் சுமார் 95-இல் கீழிறங்குவது என்95. அது நன்றாக இருந்து என்95 மட்டும் குறைந்திருந்தால் நரம்புக்குப் போகும் கேங்லியன் செல்கள் அடிவாங்கியிருக்கின்றன. பி50 குறைந்திருந்தால் உடனே விழித்திரையின் மையமான மேக்குலாவைக் குற்றம் சொல்லாதீர்கள்: கண்ணாடி, கண்ணீர், நூல், நோயாளியின் கவனம், நாலையும் சரிபார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் குறைவாகவே வந்தால் பாவையை விரித்து, 20 நிமிடம் இருட்டில் வைத்து, விழித்திரை முழுவதற்கும் ஒளி பாய்ச்சி எடுக்கும் முழுப்புல ஈஆர்ஜி எடுக்கலாம். ஆனால் அது இயல்பாக வந்தது என்று நரம்புக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள், அதன் அலைகளில் கேங்லியன் செல்களின் பங்கு மிகக் குறைவு.

பேட்டர்ன் ஈஆர்ஜி முடிந்த கையோடு, சொட்டு விடும் முன்பே, கட்டங்களைப் பார்க்கும்போது மூளையின் பார்வைப் பகுதியில் எழும் மின் அலையான விஇபியையும் ஒவ்வொரு கண்ணாக எடுத்துவிடுங்கள். நசுக்கல் புதிதாக இருக்கும்போது ஈஆர்ஜி சரியாகவே இருந்து, விஇபியில் சுமார் 100 மில்லிவினாடியில் வரவேண்டிய பி100 அலை மட்டும் தாமதமாக வரலாம். உங்கள் ஆய்வகத்தின் சொந்த இயல்பு அளவோடு ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் அறிக்கையைக் கோப்பில் வைத்துவிட்டுப் போகாமல் அன்றைக்கே மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். ஸ்டீராய்டா, அறுவை சிகிச்சையா என்ற முடிவு காத்திருக்கிறது.