பூ டிசைனுக்கு ரிப்பீட் போடுவது எப்படி? ஆவாரம்பூவை வைத்து ஒரு செய்முறை

பூப்போட்ட துணி வடிவமைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் பூவை அழகாக வரைவதிலேயே எல்லா நேரத்தையும் செலவழித்துவிடுகிறார்கள். பூ சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. துணியில் அது திரும்பத் திரும்ப வரும் விதம் சரியாக இருந்தால் டிசைன் தேறிவிடும். திருப்பூரில் இதை ரிப்பீட் என்பார்கள். காகிதம், கத்தரிக்கோல், செல்லோடேப் இருந்தால் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் பூ

ரோஜாவை எல்லோரும் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துச் செருகுவோமே, அந்த ஆவாரம்பூவை எடுத்துக்கொள்வோம். போட்டோவைப் பார்க்காமல் ஒரு கொத்தை ஒடித்து வந்து எதிரில் வைத்து வரையுங்கள். ஐந்து மஞ்சள் இதழ்கள், ஓரம் லேசாகக் கசங்கினாற்போல இருக்கும். நடுவிலிருந்து மகரந்தத் தாள்கள் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டை மொட்டு, தட்டைக் காய், ஜோடி ஜோடியாகச் சிற்றிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வரைந்து வையுங்கள். இடைவெளியை அடைக்க அவைதான் கைகொடுக்கும்.

வெட்டி மாற்றி ஒட்டுவது

16 செ.மீ. சதுரமாகக் காகிதம் வெட்டுங்கள். துணியில் உருட்டி அச்சடிக்கும் ரோட்டரி பிரிண்டிங் உருளையின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ.; அதை மீதியில்லாமல் வகுக்கும் அளவாக இருந்தால் பின்னால் தொல்லையில்லை.

சதுரத்தின் நடுவில் பூவையும் இரண்டு இலையையும் வரையுங்கள். ஓரத்தை எதுவும் தொடக்கூடாது. இப்போது மேலிருந்து கீழாக நேர்பாதியாக வெட்டி, இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றிப் பின்னால் டேப் ஒட்டுங்கள். அப்புறம் குறுக்கே வெட்டி, மேல்பாதியையும் கீழ்பாதியையும் அதேபோல மாற்றுங்கள். வரைந்த பூ நான்காகப் பிரிந்து மூலைகளுக்குப் போயிருக்கும், நடு வெறுமையாக இருக்கும். அங்கே இரண்டாவது பூவை வேறு பக்கம் பார்த்தபடி வரையுங்கள். ஓரத்தை மட்டும் இந்த முறையும் தொட்டுவிடாதீர்கள். இந்தச் சதுரத்தை எத்தனை முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும்.

ஒன்பது ஜெராக்ஸ்

ஒன்பது பிரதி எடுத்து, மூன்றுக்கு மூன்றாகச் சுவரில் ஒட்டிவிட்டு, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு ஓடுவதுபோலத் தெரிகிறதா? பூக்களுக்கு நடுவே காலி இடம் வரிசையாக அமைந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஒரு மொட்டையோ காயையோ சாய்த்து வையுங்கள். கோடு மறையும்வரை இதைச் செய்வதுதான் உண்மையான டிசைன் வேலை.

எல்லாப் பூவும் மேல்நோக்கியே இருந்தால் அது ஒன்வே டிசைன். வெட்டும்போது எல்லாப் பாகத்தையும் ஒரே திசையில்தான் போட வேண்டும். துணி கூடுதலாகச் செலவாகும். கட்டிங் மாஸ்டரிடம் திட்டு வாங்காமல் இருக்க, பூக்களைப் பல திசைக்கும் திருப்பிவிடுங்கள்.

நிறம்

சல்லடை போன்ற ஸ்கிரீன் வழியாகச் சாயத்தை இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். தொடங்குபவர்களுக்கு மூன்று நிறம் போதும். வெள்ளைத் துணியில் மஞ்சள் எடுபடாது. கரும்பச்சையில் மெல்லிய வெளிக்கோடு கொடுங்கள். அடர்நிறத் துணி என்றால் துணியின் மேலே ஒட்டி நிற்கும் சாதாரண பிக்மெண்ட் மஞ்சள் மங்கிப்போகும். அடிச்சாயத்தை நீக்கிவிட்டு நிறமேற்றும் டிஸ்சார்ஜ் பிரிண்ட்டைக் கேளுங்கள்.

துணிக்குப் போகும்போது

குழந்தை கவுனுக்குச் சின்னப் பூ, பெரியவர்கள் குர்த்திக்குக் கொஞ்சம் பெரிது. பெரிய பூ இரண்டு நெஞ்சுக்கு நேராக ஜோடியாக வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும். மாதிரிக்குக் காட்டன் வாங்க, திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்வரை நடக்கும் ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போகலாம். பனியன் துணி என்றால் விரிக்கும்போது இழுக்காதீர்கள், பூ நீண்டுவிடும். ரோலிலிருந்து பிரித்து ஓர் இரவு தளர விட்டு, மறுநாள் வெட்டுங்கள்.